அக்கா பூசை செய்த விமானம்

நான் ஒரு விமானம் கட்டினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். விமானம் கட்டிய ஒருவனை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கலியாண வீட்டில் அவனே உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சோறு பரிமாற முதலே சொல்லிவிடுவான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒரு சனிக்கிழமை வரைக்கும். அதற்குப் பிறகு என் விமானத்தைப் பற்றி மற்றவர்கள்தான் பேசுகிறார்கள். நான் குனிந்து சாப்பிடுகிறேன்.

என் தொழில் ரயில் சிக்னல் பொறியியல். அதாவது, ஓடுகிற வண்டிகளை நிறுத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்ட ஒருவனுக்கு எதையாவது பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. பாகங்கள் பெட்டி பெட்டியாக லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. விமானத்தின் உடல் கராஜில் வளர்ந்தது. இறக்கைகள் இரண்டும் விருந்தினர் அறையில் கிடந்தன. (விருந்தினர் வருவது நின்றுபோயிற்று. விமானத்தால் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்பாள் என் மனைவி மாலதி.)

மாலதி திருச்சிக்காரி. மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். ஆட்களைத் தூங்க வைத்து, அவர்கள் கண் விழிக்கும்வரை தலைமாட்டில் இருந்து பார்த்துக்கொள்வது அவள் வேலை. நான் முதல் ஆணி அடித்த அன்றே அவள் நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்.

"கட்டுங்க. நான் எதுவும் சொல்லலை. முடிஞ்சதும் ஒரு தடவை உங்களோட ஏறுறேன். இறங்கினதும் எனக்கு இது வேணாம்னு தோணுச்சுன்னா வித்துடணும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"ஓம்" என்றேன். அவள் ஏறப்போகும் நாள் அப்போது வருடக்கணக்கில் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருக்கிற எதற்கும் மனிதன் ஓம் சொல்லுவான்.

அந்த நாளும் வந்தது. விமானத்தைத் துண்டு துண்டாக எசெக்ஸ் பக்கம் ஒரு சின்னப் புல்வெளி விமானத் தளத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டினோம். அங்கே கொலின் என்று ஒரு பெரியவர். நான் அடித்த ஒவ்வொரு ஆணியையும் சோதித்தவர் அவர்தான். முதல் முதல் பறந்து பார்த்தவரும் அவர்தான். பிறகு நான் பறந்தேன். சோதனைப் பறப்பெல்லாம் முடிந்து, ஆள் ஏற்றலாம் என்ற அனுமதியும் வந்தது. ஒரே ஒரு குறை. விமானம் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து பறந்தது. இறக்கையின் ஓரத்தில் ஒரு சிறு தகட்டை மயிரிழை அளவு வளைப்பேன், பறப்பேன், இறங்கி வந்து திரும்ப வளைப்பேன். என் சனிக்கிழமைகள் எல்லாம் அந்தத் தகட்டோடு போயின.

கடைசியில் கொலின்தான் சொன்னார், நான் இடது பக்கம் தனியாக இருப்பதால் அப்படிச் சாயலாம், வலது பக்கம் ஓர் ஆளை ஏற்றிப் பார் என்று. ஆகவே மாலதியின் முதல் பயணம், தகட்டைச் சரிபார்க்கும் சோதனையாகவும் ஆனது. இதை நான் மாலதியிடம் சொல்லவில்லை. உன்னுடைய நிறையை வைத்துத்தான் சமநிலை பார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லும் அளவுக்கு நான் துணிந்தவன் அல்ல.

கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, புது வாகனம். வீட்டுப் பொம்பிளையை ஏத்தப் போறாய். பூசை செய்யாமல் எப்பிடியடா?"

"அக்கா, அது வாகனம் இல்லை. விமானம்."

"ஏன், முருகன்ர மயில் என்ன பஸ்ஸே? அதுவும் பறக்கிறதுதான். அதையும் வாகனம் எண்டுதானே சொல்லுறம்?"

(அக்காவோடு வாதாடி வென்ற மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அத்தான் முயற்சியைக் கைவிட்டுப் பல காலம்.)

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, குண்டுக்குப் பதுங்க வெட்டிய பங்கருக்குள் குதிப்பார். இப்போதும் விமானம் ஏதும் தாழப் பறந்தால், அவர் கை அவரை அறியாமலே பக்கத்தில் நிற்பவரின் கையைத் தேடும். அப்படிப்பட்டவர், தம்பி கட்டிய விமானம் என்பதற்காக, அதன் பக்கத்தில் வந்து நின்று பூசை செய்கிறேன் என்கிறார். எனக்கு மறுக்க மனம் வரவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் வாங்கோ என்றேன்.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். நானும் மாலதியும் போய்ச் சேர்ந்தபோது அக்காவும் அத்தானும் முதலே வந்து, மடக்குக் கதிரை விரித்து, மரக்கறி ரோல்ஸும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியுமாக இருந்தார்கள். நான் நேரே விமானத்தடிக்குப் போய், பறக்க முன் செய்ய வேண்டிய சோதனையைத் தொடங்கினேன். எண்ணெய், பெற்றோல், டயர், இறக்கை, வால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு, சுற்றி வந்து பார்த்தேன். இந்தச் சோதனையில் எனக்குப் பெரிய பெயர். தளத்தில் மற்றவர்களுக்கு, அவர்கள் கேட்காமலே, இது பற்றி வகுப்பு எடுப்பேன். "சோதனை முடிந்த பிறகு யாராவது விமானத்தில் கை வைத்தால், முதலிலிருந்து திரும்பச் சோதிக்க வேண்டும்" என்பது என் வகுப்பின் முதல் பாடம்.

சோதனை முடிந்தது. அக்கா பூசையைத் தொடங்கினார்.

கற்பூரத்தை எடுத்தவுடன் நான் பாய்ந்து தடுத்தேன். "அக்கா, பெற்றோல் நிக்கிற இடம். கொளுத்த ஏலாது!" அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு கற்பூரத்தைப் பைக்குள் வைத்தார். தேங்காயையும், ஓடு புல்லில் சிதறக்கூடாது என்று, கார் நிற்கும் இடத்துக்கு அனுப்பினேன். அத்தான் அங்கே போய் உடைத்துவிட்டு வந்தார். கொலின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார். அக்கா சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தார். நான் அத்தானுக்கு இறக்கைத் தகட்டின் தத்துவத்தை விளக்கிக்கொண்டு நின்றேன். நெருப்பைத் தடுத்துவிட்டேன், இனி ஆபத்தே கிடையாது என்ற திருப்தி எனக்கு. என் வகுப்பின் முதல் பாடம் அந்த நேரம் எங்கே போயிருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மாலதி வலது பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டினாள். அதை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னுடையதையும் இழுத்துப் பார்த்தாள்.

"பயமா?" என்று கேட்டேன்.

"இறங்கினதும் சொல்றேன்" என்றாள்.

தேசிக்காய்கள் நசிந்தன. புல்லில் ஓடினோம். வேகமானி சரியாக ஏறி வந்தது. பிடியை மெல்ல இழுத்தேன். எழும்பினோம்! வேலி கீழே போனது, ஒரு வைக்கோல் வயல் கீழே போனது. நான் மாலதியின் முகத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலால் கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்தது குறைவு.

திரும்பி மானியைப் பார்த்தேன். வேகம் விழுந்துகொண்டிருந்தது.

வேகம் குறைந்தால் விமானம் நிற்காது, விழும். அதுவும் தரைக்குக் கிட்ட என்றால் தப்ப வழி இல்லை. நான் பதறிப்போய் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளினேன். தரை எங்களை நோக்கி வந்தது. வேகமானி ஏறியது. அப்பாடா என்று மூக்கைத் தூக்கினேன். நாங்கள் ஏற ஏற அது திரும்ப விழுந்தது, பூச்சியத்தை நோக்கி. திரும்பத் தள்ளினேன். உயரமானியைப் பார்த்தால், அது நாங்கள் இன்னும் புல்லிலேயே நிற்பதாகச் சத்தியம் செய்தது.

கீழே அத்தான் இதை வீடியோ எடுத்தார். அதில் விமானம் ஒரு தும்பியைப் போல ஏறுகிறது, குத்தென்று இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. "பார், பெடியன் விளையாட்டுக் காட்டுறான்!" என்று அத்தானின் குரல் கேட்கிறது. (பெடியனுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது.) அக்காவின் குரல் கேட்கவில்லை. கமெரா ஒரு தரம் ஆடி அவர் பக்கம் திரும்புகிறது. அத்தானின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏங்க, என்ன பண்றீங்க?" மாலதியின் குரல் ஹெட்செட் வழியாக என் காதுக்குள் வந்தது.

"வேகம் போகுது, மாலதி! வேகம் இல்லை!"

"யார் சொன்னா?"

"மீட்டர்!"

"என்ஜின் சத்தம் மாறவே இல்லையே."

நான் திரும்பவும் மூக்கைத் தள்ளினேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு என் உயிர் நினைவில் இல்லை. இவளை நான்தானே கூட்டிக்கொண்டு வந்தேன், இவள் வீட்டில் சும்மா இருந்தவள்தானே என்பது மட்டும் தலைக்குள் சுழன்றது.

அவள் குரல் மாறியது. இருபது வருடத்துக்கு மேலாக அவளோடு வாழ்கிறேன், அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அது அவள் வேலையிடத்துக் குரல்.

"மீட்டரை விடுங்க. ஆபரேஷன் தியேட்டர்ல மானிட்டர் திடீர்னு ஜீரோ காட்டுச்சுன்னா நான் முதல்ல பேஷண்டைத்தான் பார்ப்பேன். நிறம் நல்லா இருக்கு, மூச்சு நல்லா இருக்குன்னா, கழண்டது வயரு. இப்ப சொல்லுங்க. பேஷண்ட் எப்படி இருக்கு?"

"எந்தப் பேஷண்ட்?"

"இந்த பிளேனுங்க!"

நான் மானிகளிலிருந்து கண்ணை எடுத்தேன். வெளியே பார்த்தேன். மூக்கு அடிவானத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. என்ஜின் ஒரே சுருதியில் ஓடியது. பிடி கைக்குள் இறுக்கமாக நின்றது. விழப்போகிற விமானத்தில் அது தொளதொளத்துப் போகும். கீழே மரங்கள் சின்னதாகத் தெரிந்தன.

"பேஷண்ட் நல்லாயிருக்கு" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அப்ப மானிட்டரைப் பார்க்காதீங்க" என்று சொல்லி, அவள் தன் உள்ளங்கையால் வேகமானியை மூடினாள். தரையில் இறங்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

என்ஜின் சத்தத்தையும் மூக்கையும் மட்டும் நம்பி, தளத்தைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் அடித்து இறங்கினேன். வேகம் குறையக்கூடாது என்ற பயத்தில் கூடவே வைத்திருந்தேன். அதனால் தவளை மாதிரிக் குதித்துக் குதித்துப் போய், புல்வெளியின் கடைசி வேலிக்குக் கிட்டத்தான் நின்றோம். என்ஜினை நிறுத்தினேன். (இடது இறக்கை சாயவே இல்லை என்பதும், தகடு மிகச் சரியாக வளைந்திருக்கிறது என்பதும் மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.)

எல்லோரும் ஓடி வந்தார்கள். கொலின் விமானத்தைச் சுற்றி நடந்தார். வால் பக்கம் போனதும் நின்று, குனிந்து பார்த்தார். மற்றப் பக்கம் போய் அங்கேயும் குனிந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

விமானத்தின் உடலில் பின்பக்கமாக, இரண்டு பக்கமும், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் உண்டு. அதன் நடுவில் ஊசித் துளை. வெளிக்காற்றின் அழுத்தம் அந்தத் துளையால்தான் உள்ளே போகிறது. அந்த அழுத்தத்தை வைத்துத்தான் உயரமானியும் வேகமானியும் வேலை செய்கின்றன. இப்போது அந்த வட்டத்தில் துளையைக் காணவில்லை. நேர்த்தியான ஒரு சந்தனப் பொட்டு இருந்தது, நடுவில் குங்குமத்தோடு. மற்றப் பக்கமும் அதே நேர்த்தி.

"நான்தான் வச்சனான்" என்றார் அக்கா. இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "மற்ற இடமெல்லாம் வழுவழு எண்டு கிடக்கு. பொட்டு வைக்கவெண்டே செய்த மாதிரி ரெண்டு பக்கமும் இதொண்டு இருந்தது. வடிவா ஒட்டினது."

கொலின் அவரிடம் மிகவும் பதமாக ஏதோ சொன்னார். அக்காவுக்கு இங்கிலிஷ் தெரியும், கொலினுடைய இங்கிலிஷ் தெரியாது. அவர் அத்தானைப் பார்த்தார். அங்கேதான் பிழை நடந்தது. அத்தான் தொழிலால் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியிலும் கவுன்சிலிலும் ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிப் பழகியவர்.

"அதாவது, இந்த ஓட்டை அடைபட்டால் மீட்டர் பொய் சொல்லுமாம். இப்பிடி அடைபட்டு உலகத்தில ஆக்கள் செத்தும் இருக்கினமாம். இவை ரெண்டு பேரும் தப்பினது பெரிய காரியமாம். ஆனால் நீர் கவலைப்பட வேண்டாமாம்."

அக்கா கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு பொட்டையும் பார்த்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். மாலதி போய் அவர் தோளைப் பிடித்தாள். "அண்ணி, ஒண்ணும் ஆகலை. பாருங்க, நான் இங்கதான் இருக்கேன்." அக்கா அவள் கையைத் தட்டிவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். என் அக்காவை நான் அப்படிப் பார்த்ததில்லை. பங்கருக்குள் இருந்த காலத்திலும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அக்கா போன் எடுக்கவில்லை. அத்தான்தான் எடுத்துப் பேசினார். சாப்பிடுகிறா இல்லை, கோயிலுக்குப் போகிறா இல்லை, அந்தப் பிளேனை வித்துப்போட்டுத்தான் தன்னோட கதைக்கலாமாம் என்றார். (இதையும் கூட்டாமல் குறைக்காமல்தான் சொல்லியிருப்பார்.) நானும் முடிவுக்கு வந்துவிட்டேன். மாலதி தன் தீர்ப்பை இன்னும் சொல்லவில்லை, ஆனால் இதற்கு மேல் என்ன தீர்ப்பு? விளம்பரத்துக்கு விமானத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் அவளுக்குக் காட்டினேன். கவலையாகத்தான் இருந்தது. மறைக்க முயன்றேன், முடியவில்லை.

"விக்கக் கூடாது" என்றாள்.

"உனக்குப் பயமில்லையே?"

"பயம்தான். நிறையவே பயந்தேன். ஆனா இப்ப வித்தீங்கன்னா, தன்னாலதான் தம்பி சாகப் பார்த்தான், தன்னாலதான் பிளேன் போச்சுன்னு அண்ணி காலம் பூரா நினைச்சிட்டு இருப்பாங்க. அவங்க ஆசையா ஒரு பொட்டு வச்சாங்க. அவ்வளவுதான் பண்ணாங்க. வச்சதுக்கப்புறம் சுத்திப் பார்க்க வேண்டியது யாரு?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து, லண்டனின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு, அவள் தனியாக ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு முழுக்கத் தெரியாது. அக்கா கதவைத் திறந்ததும் அழுதாராம். அழுது முடியும்வரை நின்றுவிட்டு, மாலதி இதைத்தான் சொன்னாளாம்: "அண்ணி, நீங்க பொட்டு வச்சீங்க. நாங்க உயிரோட வந்துட்டோம். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்." பிறகு இருவரும் இருந்து இடியப்பம் சாப்பிட்டார்களாம்.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. விமானம் இப்போதும் பறக்கிறது. மாலதியும் வருவாள், வந்தால் வேகமானிப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள். கதையும் பறக்கிறது, ஆனால் அது அக்காவின் கையில். கலியாண வீடு, பிறந்தநாள், எங்கே நாலு பேர் கூடினாலும் சொல்லுவார்.

"நட்டநடு வானத்தில மீட்டர் பழுதாப் போச்சு! வேற ஆக்கள் எண்டால் விழுந்திருப்பினம். நான் பொட்டு வச்சபடியால்தான் பிள்ளையள் உயிரோட வந்தவை."

மீட்டர் ஏன் பழுதாய்ப் போனது என்ற பகுதி எந்தச் சபையில் உதிர்ந்து விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கிறவர்கள் மாலதியிடம் திரும்பி, "உண்மையே டொக்டர்?" என்பார்கள். "ஆமா. அண்ணி பொட்டு வச்சாங்க, நாங்க பத்திரமா வந்தோம்" என்பாள் அவள், கொஞ்சமும் சிரிக்காமல். பிறகு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். பொறியியல் படித்தவன், விமானம் கட்டியவன். நானும் ஓம் என்று தலையாட்டுவேன். அத்தான் மட்டும் ஒரு தரம் "உண்மையில என்னெண்டால்..." என்று தொடங்கினார். மாலதி அவர் வாய்க்குள் ஒரு லட்டைத் திணித்துவிட்டாள்.

இதனால் அக்காவுக்குக் கைராசிக்காரி என்ற பெயரும் வந்துவிட்டது. புது வாகனம் எடுக்கிறவர்கள் பொட்டு வைக்க அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம், லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், எங்கள் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் புதிதாக ஒரு மின்சாரக் கார் வாங்கினான். தேங்காய் உடைத்தாயிற்று, தேசிக்காய் வைத்தாயிற்று. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு காருக்குக் கிட்டப் போனார். விரலில் சந்தனத்தைத் தொட்டவர், அப்படியே நின்றார்.

"தம்பி, முதல்ல சொல்லு. இதில ஓட்டை எங்கையெங்கை கிடக்கு?"

முற்றம் முழுக்கச் சிரித்தது. அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் மாலதியும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. பெடியன் பதில் சொல்லும்வரை, விரலைக் காரில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டு, காத்துக்கொண்டு நின்றார்.